அத்தையின் வெள்ளைச் சேலையில் பூ வேலை

புதுத் துணியில் பூப் போடுவது சுலபம். கடையில் ஒரு மீட்டர் துணியும் நாலு நூல்கண்டும் வாங்கி, கார்பன் வைத்து டிசைனை இறக்கி, வளையத்தில் மாட்டிவிட்டால் பத்து நாளில் தலையணை உறை தயார். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேலாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பழைய துணிக்கு நாமே சாயம் ஏற்றி, அதன்மேல் ஊசி பிடிப்பது வேறு சமாசாரம்!

மகளின் தலைப்பிரசவத்துக்காக இதில் இறங்கினேன். பச்சைக் குழந்தைக்குப் பழைய நூல் சேலையைப் போல இதமானது வேறில்லை. துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய்ப் பூ மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட சேலை மாமியாரிடம்தான் இருந்தது. மாமா காலமானதிலிருந்து அத்தை கட்டுவதெல்லாம் வெள்ளைதான். கொங்குப் பக்கம் அந்தத் தலைமுறைக்கு அதுதான் வழக்கம்.

கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். அதற்குள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "போயும் போயும் அந்தச் சேலையையா கொழந்தைக்கு விரிப்பே?" என்று முகத்தைச் சுளித்தார். அது அத்தை காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என் தையல் மிஷின் மேல் மடித்த சேலை ஒன்று இருந்தது.

"சாயம் போட்டுக்க அம்மிணி. வெள்ளையா இருந்தாத்தானே பேசுவாங்க" என்றார்.

ஈரோடு இவ்வளவு பக்கத்தில் இருக்க மஞ்சளுக்கா பஞ்சம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மஞ்சள் துணியில் நிற்காது. சோப்புப் பட்டால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரணம்தான். சோப்பிலும் காரம் உண்டு. வெயிலும் அதை வெளுத்துவிடும். குழம்புக் கறை பட்ட துணியை நாம் வெயிலில் காயப் போடுவதே அதற்காகத்தானே?

பாக்கெட் சாயத்துக்கு மனசு வரவில்லை. அதில் பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்க உப்பும் போடச் சொல்வார்கள். வேலை முடிந்து ஊற்றும் தண்ணீரில் அவ்வளவு உப்பும் அப்படியே இருக்கும். நொய்யல் ஆறு கெட்டது சாயக் கழிவாலும் அந்த உப்பாலும்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். என் ஒரு குண்டாத் தண்ணீரால் ஆறு கெட்டுவிடாது, வாஸ்தவம். ஆனாலும் அதை என் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற முடியாதே!

கடைசியில் கை கொடுத்தது சின்ன வெங்காயத் தோல். இரண்டு மாதம் சேர்த்தேன். கால் கிலோ துணிக்கு ஏறக்குறைய அதே எடை தோல். துணியை நன்றாக அலசி, 50 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து காயவைத்தேன். அடுத்து, 35 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள். பருத்தியில் சாயம் சும்மா ஒட்டாது. கடுக்காயின் துவர்ப்பும் படிகாரமும்தான் பிடித்துக் கொடுக்கும். பிறகு தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துணியைப் போட்டுச் சிறுதீயில் ஒரு மணி நேரம் வைத்து, அப்படியே ஆறவிட்டேன். இதற்குச் சமையல் பாத்திரம் வேண்டாம், கழித்துப்போட்ட குண்டா போதும். குழந்தை வாயில் வைக்கிற துணி என்பதால் மயில்துத்தம் பக்கமே போகக் கூடாது, அது விஷம். நிழலில் காய்ந்ததும் பார்த்தால் நல்ல தேன் நிறம்!

ஈர வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்து, கறை ஒட்டாத வரைக்கும் அலசிய பிறகே ஊசியை எடுத்தேன். சிவப்பு நூலையும் முன்னாலேயே வெந்நீரில் நனைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கைச்சாயம் ஒரே சீராக வராது. மடிப்பு இருந்த இடமெல்லாம் கருந்திட்டு. அதன்மேல் கார்பன் டிசைன் எடுபடாது. நீலகிரியில் தோடர் பெண்கள் டிசைன் வரையாமலே இழைகளை எண்ணிப் பூ வேலை செய்கிறார்கள். நைந்த சேலையில் எண்ணுவது கடினம் என்பதால் நான் திட்டுகளையே டிசைனாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு திட்டையும் சுற்றி வெள்ளை நூலில் ஓட்டுத் தையல். மஞ்சள் நூல் கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைதான் பளிச்சென்று எழுந்தது! இரண்டு இழை நூல், மெல்லிய ஊசி, வளையத்தைத் தளர்வாக மாட்டினால் போதும். நிரப்புத் தையலை நைந்த துணி தாங்காது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிலேயே காந்தா விரிப்பு தைப்பது சும்மாவா? நானும் அடியில் இன்னொரு மடிப்பு வைத்தேன். முடிச்சுகள் உள்ளே போய்விட்டன, குழந்தையின் தோலில் உரசாது.

பெரியம்மா வந்தபோது அத்தையே அதை விரித்துக் காட்டினார். "என்ற சேலைதானுங்க" என்றார்.

ஒரு முழம் துணி மிச்சம் இருந்தது. "அதுல எனக்கொரு சுருக்குப் பை தெச்சுக் குடு, வெத்தலை வெச்சுக்க" என்று கேட்டார்.

"பூ எந்த நூல்ல போடட்டுங்க அத்தை, வெள்ளையா?"

"செவப்புல போடு."