பிரிட்ஜில் ஏறிய துரு

கிட்டாரின் ஸ்ருதி தலைப்பக்கச் சாவிகளில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். மீதி ஸ்ருதி மறுமுனையில், பிரிட்ஜில் இருக்கிறது. ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடும், ஸ்ருதி ஏறும். அதை ஈடுகட்ட, கம்பியின் நீளத்தைச் சற்றுக் கூட்டிவைக்க வேண்டும். கம்பி உட்காரும் சேடிலை முன்னே பின்னே நகர்த்துவது இதற்காகத்தான். 1951இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸில் நான்கு கம்பிகளுக்கு இரண்டே சேடில்கள். ஒரு கம்பிக்குச் சரிசெய்தால் அதன் ஜோடி விலகும். 1957இல்தான் கம்பிக்கு ஒன்றாக நான்கு சேடில்கள் வந்தன.

அந்த மாடலின் ஜப்பானிய நகல் ஒன்றை, எழுபதுகளில் செய்தது, போன வருஷம் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் பேஸ் வாசித்தவர்.

"கிட்டார்ல ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குத்தான் காது போச்சுங்கறாங்க. வித்துடலாம்னு இருக்கேன், ஒரு விலை சொல்லு."

வெறும் கம்பிகள் நான்கும் சுத்தமாகச் சேர்ந்திருந்தன. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டேன். நான்கிலும் அழுத்திய சுரம் ஏறியே இருந்தது. மேலே போகப் போக இன்னும் மோசம்.

காரணம் கண்ணெதிரே இருந்தது. கழுத்து வருஷக்கணக்கில் வளைந்து கம்பிகள் உயர்ந்திருந்தன. உயர்ந்த கம்பியை அழுத்தினால் இன்னும் அதிகம் இழுபடும். பின்னுக்குத் தள்ளவேண்டிய சேடில்களோ கடலோர வீட்டின் உப்புக்காற்றில் துருவேறி உறைந்துபோயிருந்தன.

கழுத்துக்குள் இருக்கும் கம்பியை முறுக்கி வளைவைக் குறைத்தேன். திருகுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். மூன்று இளகின. தடித்த கம்பியின் திருகு அறுந்தே வந்தது.

பிரிட்ஜையே தூக்கிவிட்டுக் கனமான பித்தளையில் புதுசு போடச் சொல்வார்கள், நாதம் நீளுமென்று. எனக்கு மனம் வரவில்லை. புதுசின் துளைகள் பழசோடு பொருந்தாவிட்டால் மரத்தைத் துளைக்க வேண்டும். அதைத் திரும்ப அடைத்தாலும் தழும்பு நிற்கும். ஒரு சேடிலும் திருகுகளும் மட்டும் மாற்றினேன். தகட்டைத் துடைத்து மாட்டும்போது அடியிலுள்ள எர்த் ஒயர் உலோகத்தில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். படாவிட்டால் ஆம்ப் இரைந்துகொண்டே இருக்கும். புதுக் கம்பி போட்ட பிறகுதான் நீளம் வைத்தேன். செத்த கம்பியில் எந்த அளவும் நிற்காது.

அவர் மேல் ஃப்ரெட்டுகளிலேயே ரொம்ப நேரம் வாசித்தார். பழைய சேடிலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"இதத்தான் இத்தன நாளா என் காதுன்னு நினைச்சிட்டிருந்தேனா?"

விலையைப் பற்றி அப்புறம் அவர் கேட்கவில்லை.