புவனேஸ்வரில் மாட்டிக்கொண்டவர்கள்

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்த படம். கமல்ஹாசன் எழுத, சுந்தர் சி இயக்கினார், வசனம் மதன். தியேட்டரில் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சிதான் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக் கடைத்தெருவுக்கும் அப்படித்தான் வந்தது. புவனேஸ்வரில் மழை கொட்டுகிறது, சென்னை விமானம் கிளம்பவில்லை. விளம்பரப் படம் எடுக்கும் அன்பரசுக்குக் கல்யாண அவசரம். முகத்தில் தழும்பும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாகப் பக்கத்தில் வந்து உட்காரும் நல்லசிவத்தைத் தீவிரவாதி என்றே நினைத்துவிடுகிறான். டீக்கடை பெஞ்சில் ஒரே சிரிப்பு. நடுவயதுக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “மொளகு பறிக்கப் போன எடத்துல மேஸ்திரி கணக்கு முடிக்காம ஓடிட்டான் சார். கையில காசில்ல, மலையாளமும் தெரியாது. ரெண்டு நாள் ஸ்டேஷன்லயே கெடந்தோம். ஒரு பீகார்காரப் பையன்தான் ரொட்டி வாங்கிக் குடுத்தான். அவன் பேசினது ஒண்ணும் புரியல.”

கல்வராயன் மலையில் இது புதுக்கதை இல்லை. சாமையும் மரவள்ளியும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. கேரளாவுக்கு மிளகு பறிக்கவும் குடகுக்குக் காப்பி பறிக்கவும் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போகிறார்கள். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்து ரயிலும் பஸ்ஸும் நின்றபோது, பிழைக்கப்போன இடத்தில் மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று நாடே பார்த்தது.

1987இல் வந்த ‘பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் சாயல் ‘அன்பே சிவ’த்தில் உண்டு என்பார்கள். உண்டுதான். பண்டிகைக்கு வீடு போய்ச் சேரத் தவிக்கும் கதை அது. நல்லசிவம் கொண்டுபோவதோ தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய 32 லட்ச ரூபாய் காசோலை. அவர் ஊர் போய்ச் சேர்ந்தால்தான் பல வீடுகளுக்குப் பணம் சேரும். அந்த ஒரு மாற்றமே இதை நம்முடைய படமாக்கிவிட்டது என்பேன்.

பஸ்ஸிலும் ரயிலிலும் சண்டைபோட்டுக்கொண்டே வந்த இருவரும் ரயில் விபத்து நடந்த இடத்தில் போய் நிற்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்தாலே மிரளும் அன்பரசு, அடிபட்ட சிறுவனுக்கு ரத்தம் கொடுக்கிறான். பையன் பிழைக்கவில்லை. அன்பரசு உடைந்து அழும்போது, அதுவரை அவன் ஒதுக்கித் தள்ளிய மனிதர்தான் அருகில் இருக்கிறார். முன்பாதி அத்தனை சிரிப்பும் இந்த இடத்துக்காகத்தான். சிரித்துச் சிரித்து அன்பரசோடு நெருங்கிவிட்டதால்தான் அவன் அழுகை நம்மையும் பிடித்துக்கொள்கிறது. டீக்கடையிலும் அப்போது பேச்சில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு மலைக் குடும்பம் எதுவும் இரவில் உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். வெள்ளிமலைக்குக் கடைசி பஸ்ஸை விட்டிருப்பார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.