எலப்புள்ளிக்காரரோடு வயதானவன்

எங்கள் ஊர் முதலமடையிலிருந்து எலப்புள்ளி ஒன்றும் அதிக தூரமில்லை. கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டில் போனால் வந்துவிடும். இசையமைப்பாளர் எம்.எஸ்.விசுவநாதன் 1928 ஜூன் 24-ஆம் தேதி பிறந்தது அந்த ஊரில்தான். ஆனால் என் சின்ன வயதில் இது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலையாளிகள் அவரைத் தமிழ்ப் பாட்டுக்காரர் என்று விட்டுவிட்டார்கள். தமிழ் பேசுகிற நாங்களோ மெட்ராஸ்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லையில் பிறந்தவன் தலையெழுத்து அப்படி. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நான் பாண்டி, அந்தப் பக்கம் மலையாளத்தான். அதே செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறார்கள். வரிகள் மனோன்மணீயம் சுந்தரனாருடையவை, மெட்டு எங்கள் எலப்புள்ளிக்காரருடையது. இதை நினைத்து நான் தனியே சிரித்துக்கொள்வதுண்டு.

அவர் பாட்டு எங்களுக்கு வந்து சேர்ந்தது சவுண்ட் சர்வீஸ் வழியாக. புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, கல்யாண வீட்டுத் திண்ணையில் ரெக்கார்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார் அதை நடத்திய அண்ணன். ரெக்கார்டைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, பந்தியில் முதல் இலை உண்டு. ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ மூன்றும் வந்தது 1961-ல். ஒரே வருஷத்தில் இத்தனை பாட்டை ஒருவர் எப்படிப் போட்டார் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை. மாங்காய் காய்க்கிற மாதிரி அது பாட்டுக்குக் காய்க்கிறது என்று எண்ணம். அண்ணனுக்கு மட்டும் எந்தப் படத்தை எந்த நேரத்தில் போடவேண்டும் என்ற கணக்கு இருந்தது. “முகூர்த்தத்துக்கு முன்னால அழுகைப் பாட்டு போட்டீன்னா பொண்ணு வீட்டுக்காரன் என்னைத்தான்டா உதைப்பான்” என்பார். பந்தி முடிந்து வாடகைப் பாத்திரங்களைக் கழுவுகிற நேரத்தில்தான் ‘பாலும் பழமும்’ வெளியே வரும்.

ஒருவர் இல்லை, இருவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. விசுவநாதன் ஆர்மோனியம், டி.கே.ராமமூர்த்தி வயலின். இருவரும் சி.ஆர்.சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். சுப்பராமன் 1952-ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். பாதியில் நின்ற அவருடைய படங்களை இந்த இரண்டு பேரும் முடித்துக் கொடுத்தார்கள். ‘தேவதாஸ்’ அதில் ஒன்று. அதே வருஷம் ‘பணம்’ படத்தில் இருவர் பேரும் சேர்ந்து வந்தது. 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். அப்போது எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சி. நிஜமாக மெட்டுப் போட்டது யார் என்று தினமும் சண்டை. மீசை முளைக்காத நாங்கள், மெட்ராஸில் கம்போசிங் ரூமில் பாய் விரித்துக் கூடவே உட்கார்ந்திருந்தவர்கள் மாதிரி தீர்ப்புச் சொல்வோம். நான் ராமமூர்த்தி கட்சி. வயலின்காரர் பாவம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. முப்பது வருஷம் கழித்து, 1995-ல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு அவர்கள் இருவரும் மறுபடி சேர்ந்தே இசையமைத்தார்கள். டீக்கடைக் கட்சிக்காரர்களில் சிலர் அதற்குள் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாமலே போய்ச்சேர்ந்திருந்தார்கள்.

1964-ஆம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக் கேட்கவேண்டும். ‘கர்ணன்’ வந்தது. வடநாட்டு ராகங்கள், ஷெனாய், சாரங்கி, ராஜசபைக்கு ஏற்ற கம்பீரம். அதே வருஷம் ‘காதலிக்க நேரமில்லை’. காரில் பறக்கிற பிள்ளைகளுக்கான பாட்டு, கிதாரும் டிரம்ஸும். அதே வருஷம் ‘புதிய பறவை’. நிம்மதி போனவன் தலைக்குள் நடக்கிற கலவரத்தை அத்தனை வயலின்களும் சேர்ந்து சொல்கின்றன. ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் பாட்டு ரெக்கார்டிங் நடப்பதையே காட்டினார்கள். நம் பக்கத்து வீட்டு மனிதர் மாதிரி விசுவநாதன் நின்று கையை வீசுகிறார், அத்தனை வாத்தியமும் கேட்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் சோறு தின்கிறார்கள் என்பது தெரிந்தது. அக்கார்டியன் மங்களமூர்த்தி, கிதார் பிலிப்ஸ் என்று பேர்களைத் தேடித் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்.

இளவயதில் மெட்டு மட்டும்தான் காதில் விழுந்தது. கல்யாணம் ஆகி, குத்தகைக் கணக்கில் அடிபட்ட பிறகு கண்ணதாசனின் வரி கேட்கத் தொடங்கியது. இப்போது இரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டதால், சரணத்துக்கு முன்னால் வருகிற சின்ன விசில், பாங்கோஸ் தட்டி நிறுத்துகிற இடம், சுசீலாம்மா மூச்சு எடுக்கிற இடம் என்று காது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘சிவந்த மண்’ பாட்டில் சவுக்கடி தாளத்தோடு விழும். எத்தனை தரம் கேட்டாலும் அந்த அடிக்கு நான் இன்னும் தயாராக இல்லை.

மலையாளத்தில் அவர் பெரிதாகப் பேசப்பட்டது எழுபதுகளில். 1971-ல் ‘லங்கா தகனம்’, அடுத்து ‘பணிதீராத்த வீடு’. அந்தப் படத்தில் பாடியதற்காக ஜெயச்சந்திரனுக்கு 1972-க்கான கேரள அரசு விருது கிடைத்தது. விசுவநாதனே ஒரு பாட்டைத் தன் கரகரத்த குரலில் பாடியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த தோட்டத்து ஏட்டன் என்னிடம் வந்து, “நம்முடெ எலப்புள்ளிக்காரனாணு, அறியாமோ?” என்றார். நான்தான் இத்தனை வருஷமாக ரெக்கார்டு துடைத்தவன், எனக்கே செய்தி சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன்.

வீட்டில் என் மனைவிக்கு இந்தச் சினிமாக் கணக்கெல்லாம் பொருட்டே இல்லை. அவளுக்கு விசுவநாதன் என்றால் ‘கிருஷ்ண கானம்’. கண்ணதாசன் எழுத, டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி., ஜானகி, சீர்காழி எல்லோரும் பாடிய தட்டு. குருவாயூருக்கு வாருங்கள் என்று சீர்காழி கூப்பிட்டால், மூட்டை கட்டத் தயாராகிவிடுவாள். எஸ்.பி.பி. பாடிய கண்ணன் தாலாட்டில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூங்கின. பக்திப் பாட்டுதானே என்று நான் அதை இளக்காரமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. சினிமாவில் இயக்குநருக்கும் கதாநாயகனுக்கும் படிந்து மெட்டுப் போட்டவர், இங்கே கிருஷ்ணனுக்கு மட்டும் படிந்திருக்கிறார். அந்த நிதானம் வேறு எந்தத் தட்டிலும் இல்லை.

1976-ல் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்தது. காற்று மாறிவிட்டது. ‘மூன்று முடிச்சு’, ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று விசுவநாதனும் நன்றாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார், ஆனால் டீக்கடையில் புதுப் பையன்கள் வேறு பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் ரோஷம். அவருக்கு இல்லை போலிருக்கிறது. 1986-ல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு இளையராஜாவோடு சேர்ந்து வேலை செய்தார். மெட்டு இவருடையது, வாத்தியக் கோவை அவருடையது. 1999-ல் ‘சங்கமம்’ படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் பாடினார். 2002-ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், ஊரை விட்டுப் போகிற ஈழத்து ஜனங்களின் பாட்டு அவர் குரலில். ரகுமான் ஒரு காலத்தில் அவரிடம் கீபோர்டு வாசித்த பையன். டி.எம்.எஸ்.ஸையும் சுசீலாவையும் மைக் முன்னால் நிற்கவைத்துத் திருத்தியவர், எழுபதைத் தாண்டிய வயதில் அதே மைக் முன்னால் போய் நின்று, இப்படிப் பாடட்டுமா, அப்படிப் பாடட்டுமா என்று கேட்டிருப்பார் அல்லவா? குரல் உடைந்திருந்தது. அந்தப் பாட்டுக்கு உடைந்த குரல்தான் வேண்டியிருந்தது.

அவர் அப்படிப் போய் நின்றது எனக்குத் தோட்டத்தில் உபயோகப்பட்டது. மகன் மாந்தோப்பைப் பார்க்கத் தொடங்கியபோது நான் தினமும் போய் மரத்தடியில் நின்றுகொண்டு, மருந்து ஊற்றுவது தப்பு, கவாத்து தப்பு, வியாபாரியிடம் பேசுகிற விதம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர் மாங்காய் நாட்டிலேயே முந்திக் காய்ப்பது. ஜனவரியிலேயே லோடு ஏறும். ஒரு நாள் பிந்தினால் விலை போய்விடும் என்பது அவனுக்கும் தெரியும். ஒரு சீசனில் நானே, “தம்பி, எனக்கு என்ன வேலை வெச்சிருக்கே?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஷெட்டுல உக்காந்து தரம் பிரிச்சுக் குடுங்கப்பா, உங்க கண்ணு யாருக்கும் வராது” என்றான். இன்றுவரை அதுதான் என் உத்தியோகம். பக்கத்தில் பாட்டு ஓடும். பங்கனபள்ளியில் அடிபட்டதை விரல் தானாக ஒதுக்கிவிடும்.

விசுவநாதனிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது பாட்டில் இல்லாத ஒன்று. கோயமுத்தூரில் எடுபிடிப் பையனாக இருந்த காலத்தில் அவரை ஆதரித்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அந்த நாயுடுவையும் அவர் மனைவியையும் வயதான காலத்தில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். இப்படிப்பட்டவருக்குப் பத்ம விருது ஒன்றுகூட வராமல், 2015 ஜூலை 14-ஆம் தேதி போய்விட்டார். தமிழ்நாட்டு அரசு 2012-ல் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்தது ஒரு ஆறுதல்.

பேரன் போனில் எல்லாவற்றையும் கலந்து கட்டிக் கேட்கிறான். 1961-ம் 1999-ம் அடுத்தடுத்து வருகின்றன. எங்கே ஆரம்பிக்கட்டும் தாத்தா என்றான். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்றேன். கதை முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது, அதனால் பாட்டும் நோயாளிக்குத் தொந்தரவு வராத மாதிரி இருக்கும், சிதாரும் சுசீலாவும் பேசிக்கொள்வதைக் கேள் என்றேன். கேட்டுவிட்டு வந்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா ‘நினைத்தாலே இனிக்கும்’தான் டாப்பு” என்கிறான். அவன் பாட்டி உள்ளிருந்து ‘கிருஷ்ண கானம்’ என்கிறாள். மறுபடியும் கட்சி, இந்தத் தரம் மூன்று. இந்த வாரம் ‘கர்ணன்’ கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம்.