கரையோட்டமும் கருவியுடலும்

உயிர்க்கு உடல் பகையோ துணையோ என்னும் வினா சைவர்க்குப் புதியதன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் கூட்டியருளியவை என்பது சித்தாந்தத் துணிபு. அந்நான்கனுள் உடலாகிய தனுவே முதற்கண் எண்ணப்படுகின்றது. எனினும், உடலைப் பேணுதல் எப்பொழுது தொண்டாகும், எப்பொழுது வெறும் உடற்பற்றாகும் என அன்றாட வாழ்விற் பிரித்துணர்தல் எளிதன்று. ஈரோட்டில் வாழும் அன்பர் ஒருவர்க்கு இவ்வையம் கலிங்கராயன் வாய்க்காற் கரையில் எழுந்தது.

அவர் ஐம்பது அகவை கடந்தவர். அவர்தம் தாயார் பக்கவாதத்தாற் படுக்கையிற் கிடந்தார். அம்முதியாரைத் தூக்கி அமர்த்துதலும் நீராட்டுதலும் மகனார் பணி. ஒருநாள் தூக்குங்கால் மூச்சு முட்டி, தாயாரோடு தாமும் கட்டிலிற் சாய்ந்தார். உடற்பருமனைக் குறைக்குமாறும் நாடோறும் மெல்ல ஓடுமாறும் மருத்துவர் பணித்தனர். அன்றுதொட்டு வைகறையில், கரையையொட்டித் தளமிட்ட வழியில் ஓடுவாராயினர்.

வைகறையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. சித்திரை வைகாசித் திங்களில் ஈரோட்டு வெயில் 40 பாகை செல்சியசைத் தொடுதல் அரிதன்று. பகலெல்லாம் வெம்மையை உண்ட தளம் அந்தி கழிந்தும் அதனை உமிழ்ந்துகொண்டேயிருக்கும், விடியுமுன்னரே தணியும். வியர்வை உலருதலினாலேயே ஓடுவானது உடல் குளிர்கின்றது; நீர்க்கரையின் ஈரக்காற்றிலோ அது மெல்லவே உலரும். ஆதலின், வாய்விட்டுப் பேச இயலும் அளவிற்கே விரைவு கொள்ளல் தக்கது.

திருமுறை ஓதும் முதியவர் ஒருவர் அவரை வழியிற் கண்டு, “தம்பி, பூசை வேளையில் ஓட்டமென்ன? அழியும் உடம்பிற்கு இத்துணை உழைப்போ?” என்று கடிந்தார். அன்பர் விடை கூறாது நின்றார். தாயார்பொருட்டு ஓடுகின்றோமோ, தம் சாவச்சத்தால் ஓடுகின்றோமோ என்பது அவர்க்கே தெளிவாக விளங்கவில்லை.

அவ்வையத்திற்கு விடை அவர் ஓடிய கரையிலேயே இருந்தது. கி.பி. 13 ஆம் நூற்றாண்டிற் கலிங்கராயன் வெட்டுவித்த அவ்வாய்க்கால், கூடுதுறைக்கு அண்மையிற் பவானியாற்றின் அணையினின்று பிரிந்து, ஏறத்தாழ 56 மைல் சென்று, கொடுமுடிப் பக்கத்தே நொய்யலை அணுகுகின்றது. நேரே செல்லாது வளைந்து வளைந்து செல்லும். பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டப்பட்டது என்பது மக்கள் வழக்கு. நிலத்தின் மட்டத்தைத் தழுவிச் செல்லுதலின் நீர் கரையை அரிக்காது மெல்ல நடந்து, ஏறத்தாழ 15,700 ஏக்கர் நிலத்தை ஊட்டுகின்றது. விரைந்திருப்பின் இத்துணை வயல்களைத் தொட்டிராது.

கலிங்கராயன் தன்னலங் கருதி இதனை வெட்டினான் என்று பழி எழ, தானும் தன் மரபினரும் இந்நீரைக் கொள்ளோம் எனச் சூளுரைத்துப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குழிக்குப் பெயர்ந்தான் என்பது கொங்குநாட்டார் வழிவழியாகக் கூறுஞ் செய்தி. வெட்டிய கை நீரைப் பருகவில்லை. ஆயினும் வெட்டுதற்குக் கை வேண்டியிருந்தது. உடலும் அத்தகையதே. வலிமையைத் தேடுதல் குற்றமன்று. தேடிய வலிமை எவ்வயலுக்குப் பாய்கின்றது என்பதே வினா. அச்சம் முற்றும் நீங்கிய பின்னரே தொண்டு செய்வேம் என்று இருப்பின், தாயாரைத் தூக்குவார் யார்?

மறுமுறை முதியவரைக் கண்டபொழுது அன்பர், “ஐயா, அம்மாவைத் தூக்க வேண்டும், அதற்காகத்தான்” என்று மட்டும் கூறினார். முதியவர் சிறிது நின்று, “அப்படியானால் அரைமணி முன்னே எழுந்து பூசையை முடித்துவிட்டு ஓடு, தம்பி” என்றார். அன்பரும் அவ்வாறே செய்யத் தொடங்கினார்.

வாய்க்கால் தொடங்கும் பக்கத்தே திருநணா. முடியும் பக்கத்தே, சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய திருப்பாண்டிக்கொடுமுடி. இரு தலங்கட்கும் இடையே ஓடும் அவர் அடிவைப்பு ஒவ்வொன்றிற்கும் ஓரெழுத்தாகத் திருவைந்தெழுத்தை எண்ணுகின்றார். எழுத்துத் தவறுமளவிற்கு மூச்சு வாங்கின் விரைவைக் குறைத்துக்கொள்கின்றார். தாயார் உடலும் மகனார் உடலும் ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டிய இரவற் கருவிகளே. இரவற் பொருளைத் துருவேறவிடாது பயன்கொண்டு திருப்பித் தருதலே கொடுத்தவனுக்குச் செய்யும் நன்றியாம்.