துலக்கிய காசு

ஊர்காவற்றுறையில் எமது வீட்டுக் கிணற்றடியில் வாய்க்கால் வெட்டுகையில், பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு ஒன்று மண்வெட்டியிற் பட்டது. அந்நாளில் நாம் பள்ளி மாணவர். ஆவலோடு புளியிட்டுத் துலக்கினோம். காசு பளபளத்தது, எழுத்தோ அழிந்தது. படுத்திருந்த நந்தியின் முதுகுக்கோடு மட்டுமே எஞ்சியது.

நந்தியும் அதன்கீழ்ச் 'சேது' என்னும் சொல்லும் பொறித்த காசுகள் ஒருகாலத்தில் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையனவாகக் கருதப்பட்டன. அவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை என்று 1920இல் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதினார். ஓர் அரசின் சான்றையன்றோ நாம் புளியாற் கழுவிவிட்டோம்!

உலோகங் காட்டுங் கருவி, மண்ணுட் செம்பு கிடப்பதை ஒலித்து அறிவிக்கும். எவர் காசென்று அது சொல்லாது. எழுத்தும் கிடந்த இடமுமே அதனைச் சொல்லும். ஆதலின் மாணவர்களே, காசு கண்டால் துலக்காதீர்கள்; இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எமது காசு இப்போது உரைப்பது எமது பிழையை மட்டுமே.