மூன்றாவது கோட்டு

மே 10, 2025, சனி

கழக்கூட்டத்துப் பெயின்ட் கடையில் ஷேடு கார்டை விரித்தேன். நீலம் மட்டும் நாலு பக்கம். கடைசி வரிசையில், இங்க்குக்கும் கறுப்புக்கும் நடுவே நின்ற ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். "இருட்டாகும் சாரே" என்றார் கடைக்காரர். விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. நல்ல வெள்ளைக்கு அது 85-ஐத் தாண்டும். இந்த நீலத்துக்கு 7. ஹாலில் இருப்பதோ மேற்கே பார்த்த ஒரே ஜன்னல்; அதையும் பக்கத்து வீட்டுப் பலா மறைக்கிறது. சாம்பிள் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

நாகர்கோவிலுக்குப் போன். "வீட்டுக்குள்ள யாராவது இந்தக் கலர் அடிப்பாவளா மக்ளே?" என்றாள் அம்மா. பிறகு அவளே ஆச்சியின் கதைக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டு நீற வைப்பார்களாம். கொதித்து அடங்கியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு பொட்டலம் நீலம் கலக்குவார்கள். "அளவு தப்பினா, சுவரு சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி ஆயிரும்."

அந்தப் பொட்டல நீலம் அல்ட்ராமரைன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துத்தான் எடுத்தார்கள், தங்கத்துக்கு நிகரான விலை. 1820-களில் பிரான்ஸில் செயற்கையாகச் செய்ய வழி கண்ட பிறகே அது பெட்டிக்கடைக்கு இறங்கியது. சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. பிரஷ்யன் நீலத்தைக் கலந்திருந்தால் சுவர் பழுப்பாகிப் போயிருக்கும். ஆச்சிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. எந்தப் பொட்டலம் நிற்கும் என்பது தெரியும்.

மே 15, வியாழன்

சுவரில் நேரே பூசாமல், இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, நாலு நாளாகச் சுவர் சுவராக மாற்றிச் சாய்த்துவைக்கிறேன். காலையில் அது சாம்பலோடு சேர்ந்த நீலம். மதியம் பச்சை தட்டுகிறது. பலா இலையின் வேலை. டியூப்லைட் போட்டதும் பள்ளிக்கூட யூனிஃபார்ம். மஞ்சள் பல்பு போட்டால் இங்க்.

இன்று ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. சோபாவில் கிடக்கும் சிவப்புத் தலையணை முதலில் கறுத்தது. அட்டை அப்படியே நின்றது. கொஞ்சம் வெளுத்ததுபோலக்கூட இருந்தது. மங்கலில் சிவப்பு முந்தி அணையும், நீலம் பிந்தி அணையும் என்று செக் நாட்டுக்காரர் புர்கின்யே 200 வருஷத்துக்கு முன்பே கண்டு சொல்லியிருக்கிறார். கரண்ட் வந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கலர் முடிவாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

பெயின்டர் முர்ஷிதாபாத்காரர். எல்லாருக்கும் 'பாய்'. என்னைவிட நன்றாக மலையாளம் பேசுகிறார். வந்ததும் டப்பாவைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கடியில் சுவரை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. உப்பு பூத்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை.

கடும் நிறங்களைக் கலக்கும் பேஸில் வெள்ளைப் பொடி மிகக் குறைவு. அதனால் அடியில் உள்ளதை மூடும் சக்தியும் குறைவு. சாம்பல் பிரைமர் ஒன்று, அதன்மேல் மூன்று கோட்டு என்று விரலை மடக்கினார். சுரண்டிய இடத்துக்கு மறுபடி பட்டி.

மே 24, சனி

ஜூன் 1-க்கு வரவேண்டிய இடவப்பாதி மழை இன்றே கேரளத்தில் இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு முந்தி வந்ததில்லையாம். நேற்று அடித்த இரண்டாவது கோட்டு இன்னும் விரலில் பிசுக்கென்கிறது. சுவர் மேகம் மேகமாகத் திட்டு. பாய் இல்லாத நேரத்தில் ஒரு திட்டைப் பிரஷ்ஷால் சரிசெய்யப் போய், அதை ஒன்பது அங்குலத்துக்கு வளர்த்துவிட்டேன். பாய் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "தொடண்டா சேட்டா" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று நாள் வெயில். நேற்று மூன்றாவது கோட்டு; திட்டெல்லாம் அடங்கியது, என்னுடையதும்தான். மதியம் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். உள்ளங்கையை வைத்து எடுத்தாள்; எண்ணெய்த் தடம் அப்படியே பதிந்தது. முந்தானையால் துடைத்தாள், இன்னும் பளபளத்தது. பிறகு அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தாள். போன வருஷம்தான் அடித்த வெள்ளை, இந்த நீலத்துக்குப் பக்கத்தில் பழைய காகிதம்போல மஞ்சளித்துக் கிடந்தது.

"மேல இருக்க வெள்ளையில ஒரு பொட்டலம் நீலம் போட்டிருக்கலாம் மக்ளே" என்றாள்.