கொத்தனார் இல்லாத தளம்

வீட்டுக்குத் தளம் போட்டவர்களைக் கேளுங்கள். டைல்ஸ் கிடைத்துவிடும், கொத்தனார்தான் 'நாளைக்கு வரேன் ஸார்' என்பார்.

அமெரிக்காவில் கால்டெக்கில் எரிக் வின்ஃப்ரீ என்று ஒரு பேராசிரியர். அவருடைய டைல்ஸுக்குக் கொத்தனாரே வேண்டாம். உப்புத் தண்ணீரில் கொட்டினால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே சங்கடம், நம் ஹாலுக்கு உதவாது. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. எல்லாம் டி.என்.ஏ.

1961-ல் ஹாவ் வாங் என்ற கணித மேதை ஓரங்களில் வர்ணம் பூசிய சதுரங்களை யோசித்தார். ஒரே வர்ணங்கள்தான் தொட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தே கம்ப்யூட்டர் போடுகிற கணக்கையெல்லாம் போட்டுவிடலாம். வர்ணத்துக்குப் பதில் டி.என்.ஏ.யின் ஒட்டும் நுனிகளை வைத்தால் என்ன என்பதுதான் வின்ஃப்ரீயின் கேள்வி. 1998-ல் அதையே டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடாக எழுதினார்.

அதில் எனக்குப் பிடித்தது ஓர் ஆபீஸ் ரூல். வந்து ஒட்டும் டைல் ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் நிற்கும். தண்ணீரின் சூட்டை அப்படிப் பதமாக வைக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் வவுச்சரும் இதே ஜாதி. ஒற்றைக் கையெழுத்தோடு போனால் அக்கவுண்ட்ஸ் செக்ஷனிலிருந்து போன வேகத்தில் திரும்பி வரும்.

அப்படியும் தப்பு நுழையும். ஒரு டைல் கோணலாக உட்கார்ந்தால், அதை நம்பி வருகிறவையும் கோணல். 2004-ல் முக்கோணத்துக்குள் முக்கோணமாக ஒரு டிசைனை வளர்த்தார்கள். நூறு டைல்ஸுக்கு 1 முதல் 10 வரை தப்பு. அவசரப்படுத்தினால் தப்பு கூடும், நிதானமாக வளரவிட்டால் குறையும். 2019-ல் 355 வகை டைல்ஸை வைத்து 21 விதமான கணக்குகள் போட்டுக் காட்டினார்கள். தப்பு 3,000-க்கு ஒன்றுக்கும் கீழே!

'இதனால நமக்கு என்னப்பா?' என்கிறார் பக்கத்து ஸீட்காரர். சொல்கிறேன். அந்த ஒட்டு லேசானது. அதுதான் அதன் பலமே. தப்பான இடத்தில் உட்கார்ந்த டைலால் எழுந்து போக முடிகிறது. அதனால்தான் படம் சரியாக வருகிறது. பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

டைலுக்கென்ன ஸார், அதற்கு ஹவுஸிங் லோனா இருக்கிறது?